சாப்பாட்டுப் புகாரில் பிறந்த கமிட்டி

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கு ஒரு திறந்த மடல்



தேர்தல் முடிந்து, சால்வையும் மாலையும் ஓய்ந்து, புதிய கமிட்டிகள் வேலையைத் தொடங்கியிருக்கும் நேரம் இது. முதல் கூட்டத்தில் என்னென்ன பேசுவீர்கள் என்று வெளியில் இருந்தே சொல்லிவிடலாம். கோபுர வேலைக்கு இன்னும் எவ்வளவு வேண்டும், மைக் செட்டை மாற்றலாமா, அசனப் பண்டிகைக்கு எத்தனை மூடை அரிசி, கல்யாண மண்டப வாடகையை ஏற்றலாமா. டீயும் வடையும் வந்த பிறகு யாராவது ஒருவர், “ஏழைகளுக்கு இந்த வருஷம் என்ன அண்ணாச்சி செய்றோம்?” என்று நினைவூட்டுவார். “போன வருஷம் மாதிரி சேலை கொடுத்துருவோம்” என்று பதில் வரும். மினிட் புத்தகத்தில் அது ஒரு வரியாக ஏறும். ஜெபத்தோடு கூட்டம் முடியும்.

நான் கமிட்டியில் இருந்தவனில்லை. திருச்சபைப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பென்ஷனில் சபைச் சந்தாவான சங்கம் கட்டுகிறவன். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததையும், வேதத்தில் படித்ததையும் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஏழைகள் காரியம் உங்கள் கூட்டத்தில் கடைசியாக வருவது முறையல்ல, முதலில் வர வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறேன். அதற்கு ஆதாரம் உங்கள் கமிட்டியின் பிறப்பிலேயே இருக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேம் சபையில் விதவைகளுக்கு அன்றாடம் சாப்பாடு கொடுத்துவந்தார்கள். அதில் கிரேக்கம் பேசிய விதவைகள் மட்டும் விடுபட்டுப்போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது. சபை என்றால் முறுமுறுப்பு இருக்கத்தானே செய்யும்! ஆனால் அப்போஸ்தலர்கள் செய்த காரியம்தான் கவனிக்க வேண்டியது. “சபையில் பிரிவினை பண்ணாதீர்கள்” என்று யாரையும் அவர்கள் அதட்டவில்லை. விசாரிக்க ஆள் போட்டு ஆறு மாதம் ஆறப்போடவும் இல்லை. சபையார் எல்லாரையும் கூப்பிட்டு, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். சபை தெரிந்தெடுத்த முதல் நிர்வாகக் குழு என்று அதைத்தான் சொல்ல முடியும். கட்டடத்துக்காகவோ கன்வென்ஷனுக்காகவோ அல்ல, பந்தியில் விடுபட்ட கிழவிகளுக்காக அது அமைந்தது.

அந்த ஏழு பேரின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்து விதவைகள் விடுபட்டார்களோ, சாவியைப் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆட்களிடமே சபை ஒப்படைத்திருக்கிறது என்று வேத அறிஞர்கள் பலர் இதைப் படித்துச் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இப்போது உங்கள் கமிட்டிப் பட்டியலை எடுத்து அதன் பக்கத்தில் வையுங்கள். பீடி சுற்றுகிற ஓர் அம்மாள் அதில் உண்டா? உப்பளத்துக்குப் போகிற ஒருவர்? பனையேறி ஒருவர்? கான்ட்ராக்டர், தலைமையாசிரியர், வக்கீல், வங்கி மேனேஜர் என்றுதான் பெயர்கள் வரும். நல்லவர்கள்தான். ஆனால் யாருக்குச் சாப்பாடு விடுபட்டது என்று அவர்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

சேலை விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் யாரும் போய்விட வேண்டாம் என்று அறிவிப்பு வரும். ஆல்டருக்குக் கீழே ஒரு மேஜை. மேஜைமேல் பாலிதீன் கவரோடு சேலைகள், எல்லாம் ஒரே டிசைன், இரண்டே நிறம். டோக்கன் வாங்கின அம்மாமார் பக்கவாட்டு வாசலில் வரிசையாக நிற்பார்கள். மைக்கில் பெயர் வாசிப்பார்கள்; இன்னார் மனைவி, விதவை, இன்ன தெரு. பெயர் வந்தவர் முன்னால் போய், சேலையின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையை உபயதாரர் பிடிக்க, போட்டோக்காரர் சொல்லும்வரை அப்படியே நிற்க வேண்டும். பிறகு அதே சேலையை எல்லாரும் ஒரே நாளில் கட்டிக்கொண்டு வருவார்கள். கோயிலுக்குள் நுழைந்ததும் யார் யார் வாங்கினவர்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஒருமுறை எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மாள், பெயர் வாசித்தபோது எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவள் தட்டி எழுப்பப் பார்த்தாள். “எனக்குக் காது கேக்கலன்னு சொல்லிரு” என்றாள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

லேவியராகமத்தில் இதற்கு வேறொரு வழி சொல்லியிருக்கிறது. அறுப்பு அறுக்கும்போது வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தின கதிரைத் திரும்பப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்று 19-ஆம் அதிகாரமும் 23-ஆம் அதிகாரமும் கட்டளையாகவே வைக்கின்றன. ரூத் போவாஸின் வயலுக்குப் போனது அந்தச் சட்டத்தை நம்பித்தான். அவள் கைநீட்டி நிற்கவில்லை. வெயிலில் குனிந்து பொறுக்கினாள், சாயங்காலம் தட்டிப் புடைத்து மாமியாருக்குக் கொண்டுபோனாள். போவாஸ் தன் வேலைக்காரர்களிடம், அவளை வெட்கப்படுத்தாதீர்கள், அரிக்கட்டிலிருந்தே சிலவற்றை வேண்டுமென்று சிந்த விடுங்கள் என்று சொல்லி வைத்தான். கொடுத்தது தெரியாமல் கொடுப்பதற்கு இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு நம் கையில் இருக்கும் புத்தகத்திலேயே இருக்கிறது. நாம் போட்டோக்காரரைக் கூப்பிடுகிறோம்.

கொடுக்கிற நாளையும் பாருங்கள். ஏழைக்கு எப்போது முடை வரும் என்பதற்கும் நாம் எப்போது கொடுக்கிறோம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஆடி வாக்கில் பதனீர் சீசன் முடிந்தால் பனையேறி வீட்டில் வரும்படி நின்றுவிடும். ஐப்பசியில் மழை இறங்கினால் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை கிடையாது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கட்டணம், சீருடை, நோட்டு, பஸ் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும். கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலுக்குப் போவது அந்த மாதத்தில்தான். டிசம்பர் 25-க்குச் சேலை கொடுப்பது நம்முடைய பண்டிகைக்குப் பொருத்தம். அவர்களுடைய ஜூன் மாதத்துக்கு அது எதுவும் செய்வதில்லை.

நம் முன்னோர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் இருந்ததை உங்களில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ அதைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். கஷ்டப்பட்ட வீட்டிலும் ஒரு பிடி விழும், வசதியான வீட்டிலும் ஒரு பிடி விழும். இன்னார் கொடுத்தார், இன்னார் வாங்கினார் என்று எழுதி வைக்க அதில் இடமே இல்லை.

அதற்கும் முன்னால் போனால் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலம். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். கிறிஸ்தவர்களான ஏழைகள் குடியிருந்தது பண்ணையாரின் நிலத்தில். ஞானஸ்நானம் வாங்கிவிட்டான் என்ற கோபத்தில் அவர் குடிசையைப் பிரி என்றால் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். இதற்கு ஜெபக்கூட்டம் மட்டும் போதாது, நிலம் வேண்டும் என்று கண்டுகொண்டு 1830-இல் தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் பணம் போட்டு நிலம் வாங்கி, துரத்தப்பட்டவர்களைக் குடியேற்றினார்கள். அதற்கு முன்பே, 1799-இல், முதலூர் இதே காரணத்துக்காக எழும்பிய ஊர். நம் மாவட்டங்களில் ‘புரம்’ என்று முடியும் கிறிஸ்தவ ஊர்கள் இத்தனை இருப்பது சும்மா இல்லை. இன்று அந்த ஊர்க்காரர்கள் அமெரிக்காவிலும் துபாயிலும் இருக்கிறார்கள் என்றால், யாரும் வந்து விரட்ட முடியாத நாலு செண்டு மனையில் அவர்கள் பாட்டனார் படுத்துத் தூங்க முடிந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம். தர்ம சங்கம் சேலை கொடுக்கவில்லை. குடியிருக்க நிலம் கொடுத்தது.

தாது வருஷப் பஞ்சம் வந்தபோதும் அப்படித்தான். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மிஷனரிகள் கஞ்சித் தொட்டியோடு வேலையை முடித்துக்கொள்ளாமல், அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதியும் தொழிற்கல்வியும் ஏற்படுத்தினார்கள். நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் பெயரைச் சொன்னால் இன்றும் அந்தத் தலைமுறையின் பேரன்மார் எழுந்து நிற்பார்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கும் வந்த வேகத்தில் தொடங்கியது பள்ளிக்கூடம்தான். 1900-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். வெள்ளைக்காரர்களை நான் தெய்வமாக்கவில்லை. அவர்களிடமும் ஆயிரம் குறை உண்டு. ஆனால் பசி எதனால் வருகிறது என்று ஒரு படி உள்ளே போய்ப் பார்த்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

இனி, சொல்லக் கொஞ்சம் சங்கடமான காரியம். தர்மம் செய்வதற்கு முன்னால் கூலியைக் கொடுத்துவிட்டோமா?

உங்கள் கோயில்குட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலம் மணி அடிப்பவர் அவர். கோயிலைப் பெருக்கி, பாய் விரித்து, நாற்காலி போட்டு, ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் அடுக்கி, நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுத்து, சாவு விழுந்தால் கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு ஆள் பிடித்து, இராத்திரி கேட்டைப் பூட்டி வீட்டுக்குப் போகிறவர். அவருக்கு என்ன சம்பளம் என்று உங்கள் கணக்குப் புத்தகத்தில் பாருங்கள். நான் பார்த்த அளவில், அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட்டால் தலைகுனிய வேண்டியிருக்கும். பள்ளி ஆயா, வாட்ச்மேன், விடுதிச் சமையல் அம்மாள், சுயநிதிப் பிரிவில் தற்காலிகமாக வேலை பார்க்கும் டீச்சர் எல்லாரும் அதே வரிசைதான். இருபது பேர் வேலை பார்க்கும் இடத்தில் பி.எப். பிடிக்க வேண்டும், பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. வேண்டும் என்ற சட்டம் தனியார் கம்பெனிக்கு மட்டும் எழுதினதல்ல. கேட்டால், “ஊழியமா நினைச்சுச் செய்யணும்மா” என்று சொல்கிறோம். அப்படிச் சொல்கிறவர்களில் பலர், என்னைப் போலவே, அரசாங்கச் சம்பளமும் பென்ஷனும் வாங்குகிறவர்கள். ஏழைக் கூலியாளின் சம்பளத்தைப் பொழுது போவதற்குள் கொடு என்று உபாகமம் 24-ஆம் அதிகாரம் கண்டிப்பாகச் சொல்கிறது. பிடித்து வைத்த கூலியே கூப்பிட்டு முறையிடும் என்று யாக்கோபு எழுதுகிறார். கூலியில் நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு பத்து ரூபாய்க்குச் சேலை கொடுத்தால் அதற்குத் தர்மக் கணக்கில் இடம் கிடையாது.

அடுத்தது வாக்காளர் பட்டியல். சங்கம் பாக்கி வைத்தவர் பெயர் பட்டியலில் ஏறாது. சட்டம் அப்படி என்பீர்கள். தெரியும். ஆனால் யார் பாக்கி வைக்கிறார்கள்? புருஷன் இறந்து இரண்டு பிள்ளைகளோடு பீடி சுற்றுகிறவள். பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடப்பவர். அவர்கள் வாக்களிக்க முடியாது, ஆகவே கமிட்டிக்கு நிற்கவும் முடியாது, ஆகவே அவர்கள் காரியத்தைப் பேசக் கூட்டத்தில் ஆளும் கிடையாது. தேர்தல் நேரத்தில் இவர்களுக்குப் பதிலாக வேட்பாளர் ஒருவர் மொத்தமாகப் பாக்கியைக் கட்டிவிடுவதும் நடக்கிறது. அது எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடக் கொடுமை, கல்யாண ஓலை வாசிக்கும் நேரத்திலோ அடக்கத்துக்கு நேரம் கேட்கும்போதோ ரசீதுப் புத்தகத்தைத் திறப்பது. வீட்டில் பிரேதத்தை வைத்துக்கொண்டு ஒருவன் பாக்கி கட்டக் கடன் வாங்க ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். எந்தச் சபை என்று எழுத மாட்டேன். இல்லாதவர்களுக்குச் சங்கத்தை மன்னித்து, பெயரைப் பட்டியலில் வைத்துக்கொள்ளக் கமிட்டி தீர்மானம் போடட்டும். விதி இடம் கொடுக்காவிட்டால் திருமண்டலப் பெருமன்றத்துக்கு எழுதுங்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை, நான் அங்கிருந்து வந்தவன். கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இல் வந்தபோது, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்புச் சொன்னது. அரசியல் சாசனம் 30-ஆவது பிரிவில் நமக்குத் தந்த உரிமையை நான் குறைத்துப் பேசவில்லை. அது போனால் நம் பள்ளிகளும் போகும். ஆனால் ஏழைப் பிள்ளைக்கு இடம் கொடுக்கச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வாதாடி ஜெயித்தவர்கள், கட்டாயம் இல்லாமலே அதைச் செய்து காட்ட வேண்டாமா? எல்.கே.ஜி. சேர்க்கையில் நாலில் ஒரு இடம், கட்டணம் இல்லாமல், ஜாதி மதம் பாராமல். இதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. ஆசிரியர் நியமனத்துக்கு என்ன ‘நன்கொடை’ ஓடுகிறது என்பதை இங்கே கிளற நான் விரும்பவில்லை. வேலை கேட்டு வரும் ஏழைப் பட்டதாரிப் பெண்ணால் எது முடியாது என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜாதியைப் பேசாமல் நம் ஊரில் வறுமையைப் பேசுகிறவர் பாதியைத்தான் பேசுகிறார். வடக்கன்குளத்தில் 1872-இல் எழும்பிய திருக்குடும்பக் கோயில் இரண்டு கால் வைத்த காற்சட்டை மாதிரி, ஒரு ஜாதிக்கு ஒரு பக்கமும் மற்ற ஜாதிக்கு மறு பக்கமுமாகக் கட்டப்பட்டது. நடுச்சுவரை இடிக்க 1910 வரை ஆயிற்று. இடித்த பிறகும் வழக்கு நடந்தது. அது கத்தோலிக்கர் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்க முடியாது. நம் கல்லறைத் தோட்டங்களில் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் இல்லையா? 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவனான தலித் பட்டியல் ஜாதியில் சேர மாட்டான். பிறகு சீக்கியருக்கும் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. மாநில அரசு தரும் சில கல்விச் சலுகைகள் உண்டே தவிர, தனித்தொகுதியும் மத்திய அரசு வேலையில் பட்டியல் ஜாதி ஒதுக்கீடும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது. ஆக, ஊரில் ஆதிக்கக்காரர் இவனைத் தலித் என்று அடிக்கிறார். அரசாங்கம் இவனைக் கிறிஸ்தவன் என்று விலக்குகிறது. கோயிலில் கடைசிப் பெஞ்சு. பொன்மோதிரம் போட்டவனை நல்ல இடத்தில் உட்காரவைத்துக் கந்தை கட்டினவனைப் பாதபடியண்டை உட்காரச் சொல்வதைப் பற்றி யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் கேட்கிற கேள்வி, ஏதோ பழைய சபைக்கு மட்டும் எழுதினதாக எனக்குத் தோன்றவில்லை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தை நினைத்துப் பாருங்கள். மேளம் போல மைக் முழங்க, “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று ஏலம் போகிறது. காலையில் ஒரு பீடித்தெரு அம்மாள் முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து படைத்த நாட்டுக்கோழி, சென்னையிலிருந்து வந்த ஒருவரும் மும்பையிலிருந்து வந்த ஒருவரும் போட்டி போட்டதில் ஐயாயிரம் ரூபாய்க்குப் போகும். கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆகும். நல்ல வேடிக்கை, நானும் சிரித்துக் கைதட்டியிருக்கிறேன். அந்த ஐயாயிரமும் கோபுரத்துக்குப் போகும். கோபுரத்துக்கு நான் எதிரியல்ல. மெய்ஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி உயரத்தில் பனங்காட்டுக்கு மேலே தெரியும்போது எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் தசமபாகம் கொடு என்று சபையாரிடம் பிரசங்கம் பண்ணுகிறோமே, சபை யாருக்குத் தசமபாகம் கொடுக்கிறது? உபாகமம் 14-ஆம் அதிகாரத்தில், மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் என்று இருக்கிறது. மல்கியாவை எடுத்துப் பேசுகிற பிரசங்கியார்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. சங்கம், ஏலம், மண்டப வாடகை எதுவானாலும் பத்தில் ஒன்று முதலில் ஏழைகளுக்கு என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் பட்ஜெட் போடுங்கள். வெளிநாட்டுப் பணத்தைப் பார்த்திருந்த காலம் போயிற்று. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இன்னும் இறுகிய பிறகு, நம் கையை நம்பித்தான் ஆக வேண்டும். அது ஒருவகையில் நல்லதுதான்.

“கொடுத்தா குடிச்சு அழிச்சிருவான்” என்பது எல்லாக் கமிட்டியிலும் எழுகிற குரல். குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவன் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கல்லூரியிலேயே கட்டினால் அவன் எதைக் குடிப்பான்? மனைவியின் கண் ஆபரேஷனை யார் குடிக்க முடியும்? “உதவி செஞ்சா மதமாற்றம்னு சொல்லுவாங்க” என்பது இன்னொரு குரல். நம் சபை ஏழைக்கே ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு அது சாக்காகாது. வெளியாருக்குச் செய்யும்போது துண்டுப்பிரதி, நிபந்தனை எதுவும் இல்லாமல் செய்தால் சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். நாலாம் நூற்றாண்டில் ஜூலியன் என்ற ரோமப் பேரரசன், கிறிஸ்தவர்களைப் பிடிக்காதவன், இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் போஷிக்கிறார்களே என்று எரிச்சலோடு எழுதினான். எதிரி தருகிற சான்றிதழ் அப்படி இருக்க வேண்டும்.

நம்மால் முடியாததும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மழை கொட்டித் தீர்த்ததே, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. கோயிலும் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் திறந்தன. உள்ளே வந்தவனிடம் ஞானஸ்நானச் சான்றிதழோ சங்க ரசீதோ யாரும் கேட்கவில்லை. அசனத்துக்கு வைத்திருந்த அண்டாக்கள் வெளியே வந்தன. கமிட்டித் தீர்மானம் போட்டா அடுப்பு பற்றவைத்தோம்?

இன்னொன்று. உங்கள் கோபுரத்தில் ஏறிப் பெயின்ட் அடிக்கிற பையன்களைக் கவனித்தீர்களா? ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தோ வந்தவர்கள். சில பேர் கழுத்தில் சிலுவைகூட இருக்கும். இராத்திரி எங்கே படுக்கிறார்கள், கீழே விழுந்தால் யார் பொறுப்பு, மேஸ்திரி கூலியைச் சரியாகக் கொடுக்கிறாரா என்று கான்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பரதேசி என்று வேதம் சொல்வது அவர்களைத்தான்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியதாக நான் கேட்பது இவ்வளவுதான். ஏழைகள் காரியத்தை ஜெபம் முடிந்த கையோடு முதலில் எடுங்கள். பீடித்தெருவிலிருந்தும் உப்பளத் தெருவிலிருந்தும் நாலு அம்மாமாரைக் கூப்பிட்டு, கோரிக்கை மனு கொடுக்கிறவர்களாக நிற்க வைக்காமல், மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, கணக்கை அவர்கள் முன்னால் வாசியுங்கள். கோயில்குட்டியார் சம்பளத்தை அன்றே தீர்மானியுங்கள். ஜூன் மாதக் கல்விக் கட்டணத்துக்கு எந்தெந்த வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல் ஏப்ரலுக்குள் தயாராக வேண்டும், மே மாதம் எழுதத் தொடங்கினால் வட்டிக்காரர் முந்திவிடுவார். பட்டியல் கமிட்டிக்குள்ளேயே இருக்கட்டும், மைக்குக்குப் போக வேண்டாம். வீடு வீடாகப் போய் எழுத ஆள் இல்லையென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். மத்தியான வெயிலில் நடக்க முடியாது, காலையிலும் சாயங்காலமும் வருவேன். நோட்டு மட்டும் கமிட்டி வாங்கிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் சேகரத்தில் சங்கம் கட்டும் ஒரு பழைய வாத்தியார்